ஜாய்க்கு மெட்ராஸ் காட்டப் போகிறேன்

அத்தான்,

பொதிகை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. புளிக்குழம்பு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துக்கொள்ளுங்கள். பின்வாசல் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

ஜாயிடம் மெட்ராஸ் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் புற்றுக்கட்டி வந்த அவளுடைய இடது கண்ணை எடுக்கப்போகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போதும். அதுவரை மெரினா, கடலில் நிற்கிற கப்பல், சாந்தோம் கோயில் என்று காசு கேட்காத இடமெல்லாம் கூட்டிப்போவேன்.

"யம்மா, கடல் பாக்கதுக்கு டிக்கெட் உண்டா?" என்று கேட்கிறாள்.

"இல்லட்டி, எல்லாம் சும்மாதான்" என்றேன். இரண்டு கண்ணாலும் பார்க்கட்டும்.

ஆனி மாதம் நம் குற்றாலத்துப் பழக்கடையில் யாரோ எடுத்த போட்டோவில் அவள் கண் வெள்ளையாக மின்னியதைக் காட்டினேன். "ஏட்டி, சீசன் முடியட்டும். சாரல் நேரத்துல கடையப் போட்டுட்டு எப்படி ஆஸ்பத்திரிக்கு வர முடியும்?" என்றீர்கள். அப்போதே வந்திருந்தால் கண் மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உங்களிடம் மறைத்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

கிருபா

பி.கு.: மெயின் அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஜாய் சீசன் முழுக்கக் கெஞ்சினாள். கூட்டம் என்றீர்கள். கடைக்குப் பின்னாலேயே சும்மா விழுகிற தண்ணீர், அத்தான்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கடையை அடைத்துவிட்டு வாருங்கள். கண் விழித்ததும் அவள் உங்களைத்தான் தேடுவாள். வலது பக்கமாக வந்து நில்லுங்கள்.