டப்பாவுக்குள் ஒரு சீட்டு

ஜனவரி 6

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உன் வீட்டுக் குப்பைத் தொட்டி நலமா? அதற்குத்தான் என் கையால் நிறையப் போட்டிருக்கிறேன்.

ஆபீஸ் வேலையாக வந்த உன் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்கேதான் சாப்பிட்டார். அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று டப்பாவை நிரப்ப ஆரம்பித்தேன். மனிதர் தங்கம், வாய்தான் ஓட்டை. "வால்நட் மட்டும் வேணாம்க்கா, போன மூணு தடவையும் அப்படியே குப்பைக்குத்தான் போச்சு" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது. கிளம்பும்வரை தண்ணீராகக் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர். காலி டப்பாவோடு நீ அனுப்பிய மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. "வால்நட் பிரமாதம் அக்கா, ரெண்டே நாளில் தீர்ந்துவிட்டது." எங்கே தீர்ந்தது என்று மட்டும் எழுதவில்லை.

பருப்பு உடையாமல் முழுசாக வரவேண்டும் என்று ஒவ்வொரு கொட்டையாகத் தட்டித் தட்டிப் பிளக்கிறேன். கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துக் கிடக்கிறது. உலர்திராட்சையில் காம்பு கிள்ளுகிறேன். பாதாமைச் சின்னத் தீயில் வறுத்து, சூடு போக ஆறவைத்துக் கட்டுகிறேன். அப்புறம் ஒவ்வொரு பொட்டலத்தையும் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிப் போடுகிறேன்: "முகர்ந்து பார்த்தேன், மணமாக இருக்கிறது." பதினொரு வருடத்தில் அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு டப்பா வந்திருக்கிறதா?

வாரம் தவறாமல் பேக்கரிக்காரர் என் பழக் கேக்கை எடுத்துப் போகிறார். ஊரே சாப்பிடுகிறது. உனக்கு மட்டும் ஆகாமல் போய்விட்டது.

இந்தத் தடவை டப்பா காலியாகத்தான் வருகிறது. போன் செய்யாதே, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். உண்மையை எழுது.

அக்கா

---

ஜனவரி 13

அக்கா,

காலி டப்பாவுக்குக் கூரியரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கோபத்தைக்கூட ஒழுங்காகப் பொட்டலம் கட்டத் தெரிந்தவள் நீ.

உண்மைதானே வேண்டும்? ஆகஸ்டில் மூடியைத் திறந்ததும் ஹாலில் இருந்தவர் "பெயின்ட் டப்பாவை யாரு திறந்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கெட்டுப்போன எண்ணெய் மாதிரி அவ்வளவு சிக்கு வாடை. வால்நட் வாயில் வைத்தால் தொண்டை வரை கசந்தது. கூடவே கட்டியிருந்த உலர்திராட்சையும் அத்திப்பழமும் அந்த வாடையை இழுத்துக்கொண்டன. அக்டோபரில் இன்னும் மோசம். டிசம்பரில் வாயில் வைத்தே பார்க்கவில்லை, மூடியைத் திறந்து நேராகக் குப்பையில் கவிழ்த்தேன்.

காரணம் நீ வால்நட் கொட்டிவைக்கிற ஜாடிதான். ஜாடியின் அடி தெரியக்கூடாது என்று அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பழசு தீருமுன்னே புதுசை மேலே கொட்டுகிறாய். அடியில் கிடப்பதற்கு எத்தனை வயது என்று ஜாடிக்கே தெரியாது. ஃப்ரீசரில் வை, தேதி எழுதிச் சின்னச் சின்னப் பொட்டலமாக வை என்று எத்தனை முறை சொன்னேன்? "ஐஸில் வைக்க இது என்ன மீனா?" என்று கேட்டவள் நீ.

ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறாய்? ஒரு தடவை உன் கேக்கில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்றேன். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. வால்நட்டுக்காக இன்னொரு எட்டு மாதத்தை இழக்க எனக்கு மனசில்லை.

ஆனால் எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. அந்த நாற்றத்தின் மேலே, உன் கையெழுத்தில், "முகர்ந்து பார்த்தேன், மணமாக இருக்கிறது." நீ முகர்ந்தே பார்க்கவில்லை, அக்கா. எனக்குத்தானே போகிறது என்று ஏனோதானோவென்று கட்டிவிட்டாய். குப்பையில் கொட்டும்போது எனக்கு வலித்தது அதுதான்.

தங்கை

---

ஜனவரி 22

சின்னவளே,

ஏனோதானோவா? நானா?

உன் கடிதத்தைப் படித்த கையோடு ஜாடியைத் தரையில் கவிழ்த்தேன். கீழ்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு, அடியில் கிடந்ததில் ஒரு கைப்பிடியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றாள். நானும் முகர்ந்தேன். வெறும் காற்று.

கேட்டுக்கொள். ஜூன் மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. சோப்பு, காப்பி, மழை, எதுவும் இல்லை. திரும்ப வரலாம், பொறுங்கள் என்கிறார் டாக்டர். பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதாமைக் கடிகாரம் பார்த்து வறுக்கிறேன். கேக் வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்க்கிறேன்.

ஜாடி என்னவோ அதே ஜாடிதான். முன்பெல்லாம் மாதம் ஒரு முறை அடிவரை கிளறி முகர்ந்து, கெட்டதைக் கழித்துவிடுவேன். இப்போதும் கிளறுகிறேன், முகர்கிறேன். கழிக்கத்தான் ஒன்றும் தெரியவில்லை. கை பழக்கத்தில் பொட்டலத்தை மூக்குக்குக் கொண்டுபோகிறது, பழக்கத்தில் சீட்டும் எழுதுகிறது. மணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். ஆகஸ்டிலேயே "கெட்டுப்போச்சு அக்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், ஜாடி கெட்டுவிட்டது என்று ஆகஸ்டிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அதே ஜாடியிலிருந்து அள்ளித்தானே ஐந்து மாதமாகக் கேக்குக்குப் போட்டேன்? யார் வீட்டுக் குழந்தைகள் தின்றனவோ. உன் மரியாதையை நீயே வைத்துக்கொள். எனக்கு நாக்கில் உண்மை இருக்கிற தங்கைதான் வேண்டும்.

பேக்கரிக்காரருக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. வாசனையில்தான் எனக்குப் பெயர். யாரிடமும் மூச்சு விடாதே. கிளம்பியும் வராதே.

அக்கா

---

ஜனவரி 27

அக்கா,

ஏழு மாதம். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாமல், தனியாக, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். "பிரமாதம்" என்று நான் பொய் எழுதினேன் என்கிறாயே, மாதாமாதம் "நான் சுகம்" என்று எழுதியது யார்?

ஏனோதானோ என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. ஆகஸ்டில் சொல்லாததற்கும். அது மரியாதை இல்லை, பயம்தான். நமக்கு ஒருவரிடம் ஒருவருக்கு இவ்வளவு பயம் எதற்கு?

கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று டப்பாவில் இருக்கிறது. மாட்டவேண்டிய உயரத்தை என் வீட்டு ஓட்டை வாய்க்காரர் தாளில் எழுதியிருக்கிறார். இன்றே மாட்டு.

பேக்கரிக்காரரிடம் நீயே போய்ச் சொல். நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ சொல்லாமல் ஒரு கேக் கொடுத்தாலும் நான் உன்னோடு பேசமாட்டேன். எட்டு மாதம் இல்லை, எப்போதுமே.

தங்கை

---

பிப்ரவரி 9

சின்னவளே,

கருவியை மாட்டியாயிற்று. ஊதுபத்தி கொளுத்தினாலும் கத்துகிறது. உன் குரல்தான்.

பேக்கரிக்குப் போனேன். கல்லாவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும்மா. அப்பலேருந்து ஒரு கேக் விடாம தனியா எடுத்து வச்சிட்டேன், விக்கல. சொல்ல மனசு வரல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கடைக் கண்ணாடி உடையாமல் தப்பியது அதிசயம். அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். என்னைத் தவிர எல்லாரும் நல்லவர்களாக இருந்திருக்கிறீர்கள்.

யாரும் தின்னவில்லை என்றதும் கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். கேக் இனி எடுப்பதில்லை, மூக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சரி என்று வந்துவிட்டேன். சொல்வது சுலபம், திங்கட்கிழமை காலையில் கேக்குக்கு அடுப்பைப் பற்றவைக்காமல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், அடி பளபளவென்று தெரிகிறது. அம்மா பார்த்தால் திட்டுவாள், திட்டட்டும். புதிதாக வாங்கியதை உடைத்து, பொட்டலம் பொட்டலமாகத் தேதி போட்டு, மீன் மாதிரி ஃப்ரீசரில் அடுக்கியிருக்கிறேன். பழங்கள் தனி டப்பாவில். திருப்திதானே உனக்கு?

இந்த டப்பாவில் வால்நட் பத்து, பாதாம் பத்து. சீட்டும் வைத்திருக்கிறேன். அதைத் தேடித்தானே முதலில் கையை விடுவாய், இதோ இங்கேயே எழுதிவிடுகிறேன்:

முகர்ந்து பார்க்கவில்லை. நீ பார்த்துச் சொல். கெட்டிருந்தால் கெட்டுவிட்டது என்றே எழுது.

அக்கா