உன் டிராக்டருக்கு நாலு ஸ்டார்

மாப்ளே,

உன் கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் இன்னும் அத்தர் வாசனை வருகிறது. உன்னை வளைகுடாவிலேயே அடக்கம் செய்த பிறகு, உன் சாமான்கள் ஒரு பெட்டியில் லப்பைக்குடிக்காட்டில் உன் வீட்டுக்கு வந்தன. உன் தங்கை இதை மட்டும் எடுத்து, "இது உங்களுக்குத்தாண்ணே" என்று என்னிடம் நீட்டினாள். ஆறு மாதம் ஆகிறது. சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் இதைத் தொடுகிறேன். தூசி ஏறினால் வாசனை போய்விடுமே என்று பயம்.

பெரம்பலூரில் கல்லூரி படிக்கும்போது நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? ஒரு கேமை முடிக்காமல் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முடித்த பிறகு மழுப்பக் கூடாது. வளைகுடாவுக்குக் கடை வேலைக்குப் போன பிறகும் நீ அதை விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் கூப்பிடுவாய். "என்னடா முடிச்சே? உள்ளதச் சொல்லு." இந்த ஆறு மாதத்தில் நாலு முடித்திருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், கேள்.

முதலாவது, குதிரையேறி ஊர் ஊராகப் போய்ப் பழிவாங்கும் கேம். புல்வெளியும் மழையும் கண்ணைப் பறித்தன. ஆனால் அப்பனைக் கொன்றவனைத் தேடிப் போகிற வீரனை வழியில் நிறுத்தி ஒவ்வொருவரும் மூலிகை பறித்து வரச் சொல்கிறார்கள். அவனும் பறித்துக் கொடுக்கிறான். எனக்கே பழிவாங்கும் ஆசை போய்விட்டது.

அடுத்தது, எல்லாரும் தூக்கிவைத்து ஆடிய விவசாய கேம். மனசுக்கு நிம்மதியாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் மழை ஒருநாளும் ஏமாற்றவில்லை. வேப்பந்தட்டையில் மக்காச்சோளம் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவன் மகனுக்கு அது மாயாஜாலக் கதை. மூன்றாவது பேய் வீடு. பாதி வரைக்கும் உள்ளங்கை வியர்த்தது. பிறகு கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். துப்பாக்கி வந்ததும் பேய் என்னைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்துவிட்டது.

நாலாவது உன்னுடையது.

விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து நீ தனியாகச் செய்த கேம். வேப்பந்தட்டைப் பக்கம் வயலில் கரும்பு ஏற்றி, டிராக்டரை எறையூர் சர்க்கரை ஆலைக்கு ஓட்டிச் சேர்க்க வேண்டும். முதல் வடிவத்தை எனக்கு அனுப்பிவிட்டு, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டாய். நானோ, "இது டிராக்டராடா, பைக்கா? லோடு ஏத்துன டிராக்டரு மேட்டுல ஏறுறப்ப முன்சக்கரம் தூக்கும். உன்னுது பஸ்ஸ ஓவர்டேக் பண்ணுது" என்றேன். போனை வைத்துவிட்டாய். ஐந்து வாரம் பேச்சில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. சொன்னது உண்மைதானே என்று வீறாப்பாக இருந்தேன். இருந்தேனே தவிர, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுப்பில் வந்ததும் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "ஒங்கப்பா டிராக்டருல என்னை ஏத்துடா." பரம்பரை பரம்பரையாகக் கடை வைத்த வீட்டுப் பிள்ளை, வெள்ளைச் சட்டையோடு மட்கார்டில் தொற்றிக்கொண்டாய். பக்கத்திலேயே வந்த என் பைக்கிலிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது. கரும்பு லோடோடு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பியதும் "யா அல்லாஹ்!" என்று அலறி என் அப்பாவின் தோளைப் பிடித்தாய். அவர் திரும்பாமலே சொன்னார்: "தம்பி, சாயாம உக்காருங்க. இப்ப ஸ்டேரிங் சும்மாத்தான் சுத்தும். ரெண்டு பிரேக்கையும் மாத்தி மாத்தி மிதிச்சுத்தான் வண்டிய ஒடிக்கணும்." அந்தப் பயத்திலும் நீ போனை எடுத்து அவர் கால்களைப் படம் பிடித்தாய். அன்று முழுக்க ஆலை வாசல் வரிசையில் டிரைவர்களோடு தரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றாய். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நீ முடித்து வைத்திருந்ததை, உன்னிடமே கேம் செய்யக் கற்றுக்கொண்ட உன் தங்கைதான் வெளியிட்டாள். "மொத ரிவ்யூ நீங்க எழுதுங்கண்ணே. அஞ்சு ஸ்டார் போட்டுருங்க" என்றாள். முடிக்காமல் எழுத மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். நாலு நாள் ஆடினேன். மேட்டில் முன்சக்கரம் தூக்குகிறது. கன்ட்ரோலரின் இடது விசை ஒரு பிரேக், வலது விசை இன்னொரு பிரேக். என் அப்பாவின் இரண்டு கால்களையும் என் விரல்களில் கொண்டுவந்து வைத்துவிட்டாய். கொஞ்சம் வேகம் போனேன். எதிரே வந்த லாரி டிரைவர் தலையை நீட்டி, "இது டிராக்டராடா, பைக்கா?" என்று கத்தினான். நான் உன்னைத் திட்டிய அதே வார்த்தை. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டேன்.

ஆனால், மாப்ளே, ஆலை வாசல் வரிசை இரண்டே நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறது. நீ ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த இடம் அது. ஆடுகிறவர்களுக்குச் சலிக்கும் என்று பயந்து வெட்டிவிட்டாய். ஐந்து ஸ்டாரையும் அழுத்திவிட்டு விரலை எடுக்காமல் யோசித்தேன். இனி நீ திருத்தப் போவதில்லை. ஒரு ஸ்டாரைப் பிடித்து வைத்து யாருக்கு என்ன லாபம்? அப்புறம் உன் வெள்ளிக்கிழமைக் குரல் நினைவுக்கு வந்தது. நாலாக்கி, காரணத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

உன் தங்கை இரண்டு நாள் பேசவில்லை. உன் இரத்தமல்லவா! மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "மொதல்ல கோவமாத்தாண்ணே இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் எங்கண்ணன் மவுத்தாயிட்டான்னு அஞ்சு போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் கேமுக்குப் போட்டிருக்கீங்க." பிறகு, "அந்த வரிசைய எவ்வளவு நேரம் வைக்கணும்? ஒங்கப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் மாத்துறேன்" என்றாள்.

அப்பாவிடம் கேட்டேன். "அதுல உக்காந்து டீ குடிக்கவாவது நேரம் வைக்கச் சொல்லு" என்றார். சொல்லியிருக்கிறேன். அவள் மாற்றி அனுப்பியதும் முதலிலிருந்து ஆடி முடிப்பேன். அதுவரைக்கும் உன் ஐந்தாவது ஸ்டார் என்னிடம்தான் இருக்கும்.