எந்த வீட்டுத் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா, முளைத்த கையோடு உன்னைத்தான் கடித்திருப்பாள். அப்பா ஏன் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டாய். ஃபோனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ரிட்டயரான பிறகு அவர் ஆற்றைத் தத்தெடுத்துக்கொண்ட கதை உனக்குத் தெரியும். நம்ம தெருவிலிருந்து ஒரு சொட்டு அழுக்குத் தண்ணிகூட ஆத்துக்குப் போக விடமாட்டேன் என்று தெருச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சபதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கரையில் குப்பை பொறுக்கப் போய்விடுவார், வீட்டில் குடித்த டம்ளரை எடுத்துவைக்க மாட்டார், அது வேறு விஷயம். தெருவின் மழைத்தண்ணீர்க் குழாய் ஆற்றில் விழும் இடத்தில் எப்போதும் நுரை. பக்கத்து வீட்டு சலூன்காரர் வேலைதான் என்று இவர் முடிவு கட்டி, அவரோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். போன மாதம் சங்கத்தார் சலூன் சாக்கடையில் பச்சைச் சாயம் ஊற்றிவிட்டுக் கரையில் காத்து நின்றார்கள், ஒன்றும் வரவில்லை. உங்க வீட்லயும் ஊத்திப் பாருங்க சார் என்றாராம் சலூன்காரர், நிதானமாக. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ஓட்டையில் நானேதான் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஆற்றோரம் பச்சைப் பசேல் என்று கொட்டியதாம்.

மாடி பாத்ரூம் கட்டும்போது கழிவுக் குழாயை மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் குடை பிடித்து நின்று மேற்பார்வை பார்த்தவர் உன் அப்பா. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று வாய் சும்மா இல்லாமல் சொல்லித் தொலைத்தேன். மனிதர் சுருங்கிப்போனார். மாடிக் குழாயை அடைத்தார், பிளம்பருக்குச் சொன்னார், ஆற்று வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சங்கத்தில் சொல்லிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

பார்த்துப் பார்த்து, போன ஞாயிறு நானே கரைக்குப் போனேன். எங்க வீட்டுத் தண்ணிதான் என்று சொன்னேன். சலூன்காரர் குப்பைச் சாக்கின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். குழாய் வாயில் குட்டையாக இன்னும் தேங்கிக் கிடந்த தண்ணீரில் குனிந்தால் நான் மாற்றாமல் வாங்குகிற அதே சோப்புத்தூள் வாசனை. அதற்குள் ஒரு மீன் செத்து மிதந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, இத்தனை நாள் அவர் ஆற்று வேலையைத்தானே கேலி செய்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன், நீங்க வந்தாலும் வராட்டியும் இனி ஞாயிறு நான் போவேன் என்று. பேப்பரிலிருந்து தலை தூக்காமலே, படிக்கட்டுப் பக்கமா இறங்காத, பாசி வழுக்கும், நான் வேற வழி காட்டறேன் என்றார்.

குழந்தைக்கு என் முத்தங்கள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். ஃபோன் செய்யும்போது அவரிடம் ஆற்றைப் பற்றிக் கேள், பல்லியைப் பற்றி மூச்சு விடாதே.

உன் அம்மா