கல்லில் இருந்த ஆண்டு

நிலைத்த அமைதி, ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம், பத்தாம் நாள்
வடமலை, கல்லறைக் காவல் குடிசை

என் மகன் வெய்க்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். சில எழுத்துகள் தாளை விட்டு இறங்கி ஓடப் பார்க்கின்றன. சில பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கறுப்பாகப் பெரிய வட்டம் இருக்கும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, மை கொட்டிவிட்டது. அங்கே படிக்க முயலாதே.

யாரோ கூலிக்கு எழுதிக் கொடுத்தது என்று நினைத்திருப்பாய். இல்லையடா. உன் அப்பன் எழுதியது. அறுபத்தெட்டு வயதில், என் கையால்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

சந்தையில் கடிதம் எழுதிக் கொடுக்கும் தௌ வாத்தியாரை மறந்திருக்க மாட்டாய். நீ தலைநகருக்குப் போனதிலிருந்து ஒன்பது வருடமாக உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டியவர். போன குளிரில் அவர் வீட்டுக் கூரை பனியின் பாரத்தில் இறங்கிவிட்டது. இங்கே வந்து தங்கச் சொன்னேன். மூன்று மாதம் இருவரும் ஒரே அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எவ்வளவுதான் தினைக் கஞ்சியைப் பற்றியே பேசுவது? ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"வாத்தியாரே, பதினோரு வருஷமா அரசரோட கல்லைத் துடைக்கிறேன். அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"படிச்சுக் காட்டவா, சொல்லிக் கொடுக்கவா?" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்குத் தாள் ஏது? கல்லறைப் பாதையைக் கூட்டி முடித்ததும் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து மண்ணில் எழுதுவேன். அவர் படியில் உட்கார்ந்து பார்ப்பார். "அண்ணே, இது எழுத்தா, மாடு மிதிச்ச நண்டா?" என்பார். சொல்லுக்கு ஓர் எழுத்தாகக் கல்லில் இருந்த இருநூற்றுப் பதினான்கு எழுத்துகளும் இப்போது எனக்குத் தெரியும். கல்லில் இல்லாத வீட்டுச் சொற்கள் சிலவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே போட்டிருக்கும் ஆண்டுகூடக் கல்லின் தலைப்பில் இருந்ததுதான். பார்த்து அப்படியே எழுதினேன். மாதத்தையும் நாளையும் மட்டும் நானே மாற்றிக்கொண்டேன். வாயால் சொல்ல நமக்கு நாய் வருடம், பன்றி வருடம் போதும். எழுத்தில் அப்படி எழுதினால் அழகாக இருக்காது அல்லவா?

இந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் காட்டவில்லை. காட்டினால் திருத்துவார். அப்புறம் பாதி அவருடையதாகிவிடும். கோவேறு கழுதைக்காரன் பாங் நாளை தலைநகருக்குப் புறப்படுகிறான். அவனிடம் கொடுக்கிறேன்.

மருமகளைக் கேட்டதாகச் சொல். பதில் போடு. இனி நானே படிப்பேன்.

உன் அப்பா,
கெங் ஷான்


புத்தொளி, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் மாதம், நான்காம் நாள்
தலைநகர், ஆவணக் கூடம்

அப்பாவின் காலடிக்கு, மகன் வெய் தலை தாழ்த்தி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. யார் கையெழுத்து என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மருமகள் பயந்துபோய், "ஊர்ல யாருக்கு என்ன?" என்று கேட்டாள். "எங்கப்பா எழுதியிருக்காரு" என்றேன். அவளும் அழுதாள்.

பிறகு அதை அடுப்பில் போட்டேன். என்னை மன்னியுங்கள்.

அப்பா, நீங்கள் போட்ட ஆண்டு செத்துப்போன ஆண்டு. அந்தக் கல்லுக்குக் கீழே படுத்திருப்பவர் உயிரோடு இருந்தபோது இருந்த ஆண்டு. அவருக்குப் பிறகு மூன்று பேர் அரியணையில் ஏறிவிட்டார்கள். போன வருடம் அவருடைய ஆறு வயதுப் பேரனைப் பட்டு நாடாவால் முடித்துவிட்டு, அவரிடம் படைத்தலைவராக இருந்தவர் அரசராகி, வம்சத்தின் பெயரையும் மாற்றினார். இந்த ஆண்டுக்குப் பெயர் புத்தொளி. எந்த அரசன் வைத்த பெயரில் ஆண்டை எழுதுகிறோமோ, அவனுக்குத்தான் நாம் குடிகள். பழைய ஆண்டை எழுதினால் இப்போதிருப்பவர் அரசரே இல்லை என்று எழுதியதாகப் பொருள். அதற்குத் தலை போகும்.

பூச்சாண்டி காட்டவில்லை. இங்கே என் பக்கத்து மேசையில் படியெடுத்துக்கொண்டிருந்தவன் மாமனாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினான். பழக்கத்தில் பழைய ஆண்டைப் போட்டுவிட்டான். மேற்குச் சந்தையில் இரண்டு நாள் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தான். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆணை. மறுநாள் சாப்பாட்டின்போது அவன் கிண்ணத்தை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். அவனும் வாங்கிச் சாப்பிட்டான்.

கீழே புது ஆண்டைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். பார்த்துப் பழகுங்கள். அதுவரை எதுவும் எழுத வேண்டாம். அரசாங்கத் தபால் குதிரையில் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். அதில் வரும் எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. மருமகளுக்கு ஒன்பதாம் மாதம் பிரசவம்.

உங்கள் மகன்,
வெய்


நிலைத்த அமைதி, ஏழாம் ஆண்டு, மூன்றாம் மாதம், ஆறாம் நாள்
வடமலை

மகனே வெய்,

உன் பதில் இன்னும் வரவில்லை. பாங் குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடக்கிறானோ. எனக்குப் பொறுக்கவில்லை, மறுபடி எழுதுகிறேன். பார், வரிகள் முன்பைவிட நேராக வந்திருக்கின்றன. தாளுக்கு அடியில் நூல் கட்டிக்கொண்டேன்.

எழுத்துத் தெரிந்த பிறகு ஊரே மாறிவிட்டது. ஆற்றுத்துறையில் ஒரு பலகை இருக்குமே, உன் அம்மாவும் நானும் முப்பது வருடமாகக் கும்பிட்டுவிட்டுப் படகில் ஏறுவோமே, அதைப் படித்தேன். 'இங்கே துணி துவைக்காதே' என்று எழுதியிருக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. படகுக்காரன், "யோவ் பெருசு, பைத்தியம் புடிச்சிடுச்சா?" என்று கேட்டான். நான் சொல்லவில்லை. அவனும் கும்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.

உன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் மட்டும் சொல்லியிருப்பேன்.

இன்று ஒரு தபால் வீரன் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்தான். மகன் ஆவணக் கூடத்தில் இருக்கிறான் என்றேன். "அட, நான் போறதே அங்கதான் தாத்தா. குடுங்க" என்றான். எவ்வளவு நல்ல பையன். பாங்கைவிட நான்கு நாள் முன்னதாக உன் கைக்குச் சேரும்.

உன் அப்பா,
கெங் ஷான்


புத்தொளி, இரண்டாம் ஆண்டு, நான்காம் மாதம், முதல் நாள்
தலைநகர்

அப்பாவுக்கு,

இதைப் பாங் கொண்டுவருவான். படித்த உடனே எரித்துவிடுங்கள்.

நேற்று என்னைச் சோதனை அதிகாரியிடம் அழைத்துப் போனார்கள். மேசைமேல் உங்கள் இரண்டாவது கடிதம் இருந்தது. ஆண்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

"இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா. எங்கப்பாவுக்கு எழுத்தே தெரியாது. கல்லறை கூட்டுறவர்."

"அப்போ அவர் பேர்ல வேற எவனோ எழுதியிருக்கான்."

"அப்படித்தான் இருக்கணுங்க."

"உங்க ஊர்ல எழுதத் தெரிஞ்சவன் யாரு?"

பின்னால் நின்றவன் என் தோளில் கை வைத்தான். வெறுமனே வைத்தான். நான் தௌ வாத்தியாரின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அப்பா, இந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். ஆனாலும் கேளுங்கள். உங்களைக் கூப்பிடுவார்கள். எழுத்து தெரியாது என்று சொல்லுங்கள். கையில் தூரிகையைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடியுங்கள். மண்ணில் எழுதியதை எல்லாம் கூட்டிவிடுங்கள். நான் சொன்னது பொய் என்று ஆனால் நானும் போவேன், மருமகளும் வயிற்றில் இருப்பதும் அடிமைக் கூடத்துக்குப் போவார்கள். வாத்தியாருக்கு யாரும் இல்லை. எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள். இப்படி எழுதுகிறவன் உங்கள் மகன்தான்.

வெய்


புத்தொளி, இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், பதினெட்டாம் நாள்
மாவட்டச் சிறை, கிழக்கு அறை

என் மகன் வெய்க்கு,

முதலில் மேலே பார். ஆண்டு சரியாக இருக்கிறதா? நீ பெரிதாக எழுதி அனுப்பியதை எரிக்கும் முன் மனத்தில் வாங்கிக்கொண்டேன். இங்கே குடிக்கக் கொடுக்கும் தண்ணீரில் விரலை நனைத்துச் சுவரில் எழுதிப் பழகினேன். கல்லில் இருந்த எழுத்தைவிட உன் எழுத்து அழகு.

உன் கடிதம் வருவதற்கு முன்பே வாத்தியாரைக் கொண்டுபோய்விட்டார்கள். அதே நாளில் வீரர்கள் சம்மட்டியோடு வந்து கல்லையும் உடைத்தார்கள். உடைக்க அரை நாள் ஆயிற்று. நல்ல கல். துண்டுகளைக் கூட்டி ஓரமாக வைத்தேன், வேறென்ன செய்வது.

உன் கடிதத்தை எரித்துவிட்டு அவரைத் தேடிப் போனேன். சந்தை வாசலில் வாத்தியாரைக் கழுத்துக் கட்டை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். எழுதுகிற கையில் இரண்டு விரல்களை நசுக்கியிருந்தார்கள். நான் எழுதினேன் என்பது அவருக்குத் தெரியும். அந்த நண்டுக் கால்களை வேறு யார் எழுதுவார்கள்? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் கஞ்சி ஊட்டினேன். "அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்றார்.

நீ அவர் பெயரைச் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை முகம் கழுவி, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நீதிபதியிடம் போனேன். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன் என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது.

"துடைப்பக்காரனுக்கு எழுத்தா?" என்றார் நீதிபதி. "சிநேகிதனைக் காப்பாத்த வந்திருக்கியா, கிழவா?"

"ஒரு தாள் குடுங்க ஐயா, எழுதிக் காட்டறேன்."

கொடுத்தார்கள். வெய், அந்த மையை நீ பார்த்திருக்க வேண்டும்! பைன் மரப் புகையின் வாசனை. தூரிகையின் முனை ஊசி மாதிரி. நான் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, அந்தக் கடிதம் முழுவதையும் திரும்ப எழுதினேன். ஆற்றுத்துறைப் பலகைவரை. அவசரப்படவில்லை. கூடத்தில் ஒருவரும் இருமவில்லை. என் வாழ்நாளில் இத்தனை பேர் நான் செய்வதை உற்றுப் பார்த்ததில்லை.

தலைநகரிலிருந்து வந்திருந்த கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஏழு என்ற எழுத்தின் கால் எப்போதும் எனக்கு மடங்கிவிடும். அங்கேயும் மடங்கியிருந்தது, இங்கேயும் மடங்கியிருந்தது. இவ்வளவு கோணலாக வேறு யாராலும் எழுத முடியாது என்று எழுத்தரே சொன்னார்.

"செத்தவன்மேல உனக்கு அவ்வளவு விசுவாசமா?" என்று நீதிபதி கேட்டார்.

"அவர் முகத்தையே நான் பார்த்ததில்லீங்க. அவர்மேல விழுந்த இலையைத்தான் கூட்டினேன். எனக்குத் தெரிஞ்ச ஆண்டு அது ஒண்ணுதான்."

அவர் முகம் கொஞ்சம் இளகியது போல் இருந்தது. ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை போலும்.

உன்னைப் பற்றிக் கேட்டார்கள். ஒரே ஒரு பொய் சொன்னேன். மகன் ஊரை விட்டுப் போனபோது எனக்கு ஒரு கோடுகூடப் போடத் தெரியாது, படித்தது அவனுக்குத் தெரியாது, நான் எழுதிய முதல் கடிதம் வழியிலேயே தொலைந்துபோயிற்று என்றேன். முதல் கடிதத்தை நீ எரித்தது நல்லதாகப் போயிற்று. ஆகவே நீ பொய் சொன்னவன் அல்ல, தெரியாமல் சொன்னவன். உன்னைத் தொடமாட்டார்கள். வாத்தியாரை அன்றே அவிழ்த்துவிட்டார்கள். என் குடிசையில் இருக்கச் சொன்னேன்.

தீர்ப்பை எழுத்தர் எழுதிக்கொண்டிருந்தபோது நான் எதிரே மண்டியிட்டிருந்தேன். தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் படித்துவிட்டேன். முதலில் என் பெயர். பிறகு 'கழுத்து'. பிறகு 'இலையுதிர் காலம்'. கோடையில் செய்தால் விளைச்சலுக்கு ஆகாதாம், ஒன்பதாம் மாதம்வரை வைத்திருப்பார்கள். எழுத்தர் உரக்க வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடமாக இருந்தால் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

நீ எழுதிய அந்த ஒரு வரிக்கு, வாத்தியாருக்கு யாரும் இல்லை என்ற வரிக்கு, பதில் எழுத நினைத்தேன். என்னிடம் இருக்கும் எழுத்துகளை வைத்து அதை எழுத முடியவில்லை. அரசரின் கல்லில் புகழ் மட்டும்தான் இருந்தது. ஆகவே விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று செய். குழந்தை பிறந்த பிறகு, தலைநகரிலிருந்து ஒரு கூரைக்காரனை அழைத்துக்கொண்டு ஊருக்கு வா. வாத்தியாரின் வீட்டுக் கூரையைப் போட்டுக் கொடு. நீயே அவர் எதிரில் நில். என்ன சொல்வாயோ, அது உன் பாடு.

இங்கே ஷி என்ற சிறைக்காவலனுக்கு எழுத்து தெரியாது. அவன் மனைவிக்கு நான்தான் கடிதம் எழுதித் தருகிறேன். "அவ ஆட்டைப் பத்தி ரெண்டு வரி போடு தாத்தா, என்னைப் பத்தி ஒரு வரி போதும்" என்கிறான். அதற்குக் கூலியாகப் பத்து நாளுக்கு ஒரு தாள் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதாம் மாதத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கடிதமாவது எழுதலாம். பாங் வழக்கம்போல் கொண்டுவருவான். பிரசவம் கொஞ்சம் முன்னதாகவே ஆகிவிட்டால் பையனா பெண்ணா என்று ஒரு வரி எழுதிப் போடு. யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

இதையும் எரித்துவிடு. எரிக்கும் முன் ஒருமுறை தள்ளிப் பிடித்துப் பார். ஓர் எழுத்துகூட வரியை விட்டு இறங்கவில்லை.

அடுத்த பத்தாம் நாள் மறுபடியும் எழுதுகிறேன்.

உன் அப்பா,
கெங் ஷான்