சங்குத்துறை மதில்வாசலுக்கு மீண்டும் போட்ட கதவைக் கழற்றக் கோருதல்

அனுப்புநர்:
யா. லோறன்ஸ்,
மதில்வாசல் வீதி,
சங்குத்துறை, மன்னார்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், மன்னார்.

விடயம்: மார்கழிக்கு முன் மதில்வாசல் கதவை அகற்றுதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் பழைய பட்டின மதிலின் ஒரே வாசல் நிற்கிறது. பறங்கியருக்கும் முந்தியது என்கிறார்கள். மதிலுக்கு வெளியே, கடற்பக்கத்தில் எங்கள் வீடுகள். உள்ளே அந்தோனியார் கோவிலும் மேட்டு நிலமும். இருபுறமும் உப்புச் சேறு. கடல் ஏறினால் ஓடுவதற்கு வேறு வழியில்லை.

2. கடந்த ஆவணியில் புனரமைக்க வந்தவர்கள் அந்த வாசலுக்கு இரட்டைக் கதவும் ஆமைப்பூட்டும் போட்டார்கள். "சேதமடைந்த கதவுக் குழிகள் சீர்செய்யப்பட்டன" என்று அறிவிப்புப் பலகையும் வைத்தார்கள். அது சேதம் அல்ல, ஐயா. கதவின் முளைகள் நின்று சுழலும் அந்தக் குழிகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தவர்களில் என் தகப்பனார் யாகப்பரும் ஒருவர்.

3. அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலின்போது அங்கே பழைய கதவு இருந்தது. உள்ளே கருவாட்டுக் கிட்டங்கி இருந்ததால் மாலையில் பூட்டுவார்கள். கடல் ஏறியபோது பூட்டின் திறப்பை வைத்திருந்தவர் அங்கே இல்லை. அவர் கெட்டவர் அல்லர். பயத்தில் தன் பிள்ளைகளைத் தேடி ஓடியிருந்தார். என் தாயார் என்னைத் தூக்கி, கதவுக்கும் அதன் மேலிருந்த வாசல் வளைவுக்கும் இடையிலிருந்த இடுக்கால் உள்ளே தள்ளிவிட்டார். பெரியவர்கள் நுழைய அந்த இடுக்குப் போதவில்லை. தண்ணீர் வடிந்தபின் ஊரார் கதவைக் கழற்றி, அந்தப் பலகைகளிலேயே சவப்பெட்டிகள் செய்தார்கள். இனி எவரும் கதவு மாட்டக் கூடாதென்றே குழிகளை அடைத்தார்கள். வாசலின் வரலாறு எழுதுவோர் இதையும் எழுத வேண்டும்.

4. போன செவ்வாய்க்கிழமை கடல் எங்கள் முற்றம்வரை வந்தது. அயல்வீட்டுச் சுபாஜினி கைக்குழந்தையோடு கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நின்ற காவலாளி, "அக்கா, திறப்பு ரவுண் கந்தோரில கிடக்கு. நான் என்ன செய்யிறது?" என்றார். அன்று கடல் தானாக இறங்கியது. அன்றுமுதல் எங்கள் பிள்ளைகள் செருப்போடு படுக்கிறார்கள்.

5. திறப்பை என்னிடமே தருவதாக நகரிலுள்ள புனரமைப்புக் கந்தோர் அதிகாரிகள் சொன்னார்கள். மறுத்தேன். பிடிவாதக்காரன் என்றார்கள். எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஐயா. கடல் ஏறும்போது முதலில் வாசலுக்குத்தான் ஓடுவேன் என்று அந்தோனியார் முன் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

ஆகவே, பூட்டை மாற்றவோ காவலாளிகளைக் கூட்டவோ வேண்டாம். வாடைக் காற்று தொடங்கிவிட்டது. மார்கழிக்கு முன் கதவைக் கழற்ற உத்தரவிடுங்கள். குழிகளை நாங்களே அடைத்துக்கொள்வோம். கழற்றிய கதவை ஊரில் விட்டுவைக்காமல் எடுத்துச் செல்லவும் சொல்லுங்கள். அந்த அளவுப் பலகை கண்ணெதிரே கிடந்தால் இங்கே யாருக்கும் நித்திரை வராது.

தங்கள் பதிலைக் காற்று முந்திவிடாது என்று நம்பும்,

யா. லோறன்ஸ்
(ஒப்பம்)

இடம்: சங்குத்துறை
திகதி: 13.11.2023