பக்கத்து நாற்காலியின் ‘உச்’

பக்கத்து நாற்காலிக்காரியே,

நேற்று அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது நம் நாவல் கிடைத்தது. மெழுகுவத்திக்காரர் மகளின் கதை. முதுகு பிய்ந்து, பக்கமெல்லாம் ஈர வாடை. அங்கேயே நின்று புரட்டினேன். ‘புவர்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாகப் பைக்குள் பென்சிலைத் தேடியது. காது உன் ‘உச்’சுக்காகக் காத்திருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. என் காதுக்கு இன்னும் வெட்கமில்லை.

நாம் பார்த்த வேலையைச் சொன்னால் இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். ஊரே மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. என் கணவரும் காலையில் அப்படித்தான் ஓடுவார். நம் அலுவலகமோ ஹப்சிகுடாவில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு, பழைய ஆங்கில நாவல்களில் ‘புவர்’ என்ற ஒற்றைச் சொல் எப்படியெல்லாம் வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. கையில் காசில்லாதவரைச் சொன்னால் ஒன்று, ‘பாவம்’ என்று இரக்கப்பட்டுச் சொன்னால் இரண்டு, செத்துப்போனவரைச் சொன்னால் மூன்று. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண் போட வேண்டும். எண்கள் ஒத்துப்போகாத இடங்கள் மட்டும் அங்கே ஒரு பேராசிரியருக்குப் போகும். மறுநாள் காலையில் தீர்ப்பு வரும்.

தீர்ப்பு எப்போதும் உன் பக்கம்தான்.

நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம், தங்கப் பதக்கம். நீ பி.காம்., குஷாய்குடாவிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். அதற்கு முன் ஒரு நாவலையும் தொட்டதில்லை. என்னை ‘கோல்டு மெடல்’ என்றுதான் கூப்பிடுவாய். அதில் கேலியே இல்லை என்பது எனக்குக் கூடுதல் எரிச்சல்.

முதல் தோல்வி நினைவிருக்கிறதா? ஒரு சீமாட்டி தன் கணவனை ‘புவர்’ என்று சொல்கிறாள். அவன் இறந்ததாக எங்குமே எழுதவில்லை. நான் இரண்டு போட்டேன், நீ மூன்று. தீர்ப்பு மூன்று என்று வந்ததும் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். “செத்துட்டாம்னு எங்க எழுதிருக்கு? காட்டு பாப்போம்.”

“நக்கோ பா, எழுதினதைத் தேடாதே. அவன் நாற்காலில வந்தவனை உக்கார வெக்கறா பாரு. புருஷன் இருந்தா வெப்பாளா?”

இரண்டு வருடம் நான் படித்த படிப்பில் ஒருவரும் நாற்காலியைப் பார்க்கச் சொல்லித்தரவில்லை.

இன்னொரு நாள் சாப்பிடும்போது, நான் கேட்காமலே சொன்னாய். “அந்த வார்த்தையை யார் சொல்றா, எங்க உக்காந்து சொல்றான்னு பாரு கோல்டு மெடல். வசதியா உக்காந்திருக்கறவன்தான் சொல்றான். பொறாமை புடிச்சவன் வாயில அது வரவே வராது.” சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்தாய். எனக்குக் காது சுட்டது. அன்று முழுக்க உன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆமாம், பொறாமைதான். உன் கண், உன் சிரிப்பு, சூப்பர்வைசர் எதற்கும் முதலில் உன்னைக் கூப்பிடுவது, எல்லாவற்றின் மேலும் பொறாமை. வீட்டில் புலம்பினால் கணவர், “அவளுக்கும் உனக்கும் ஒரே வேலைதான, விடேன்” என்பார். ஒரே வேலையை அவள் நன்றாகச் செய்கிறாளே என்று நான் எப்படிச் சொல்வேன்?

அப்புறம்தான் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தேன். நமக்கு நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். எண்ணைத் தட்டுவதற்கு முன் உன்னையறியாமல் உச்சுக் கொட்டுவாய். இரண்டுக்கு ஒரு ‘உச்’. மூன்றுக்கு இரண்டு. ஒன்றுக்குச் சத்தமே இல்லை. என்றோ அச்சான புத்தகத்தில் யாரோ சாகிறார்கள், நீ குஷாய்குடாவில் அடுத்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி உச்சுக் கொட்டுகிறாய்! நான் உனக்கு ஒரு சொல் பின்னால் இருந்தபடி, கேட்டுக் கேட்டு எண் போட்டேன். எட்டிப் பார்க்கவில்லையே, அதனால் இது காப்பி இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடையில் இரண்டு நாள் மட்டும் என் எண்கள் தாறுமாறாகப் போயின. காதில் ஏதோ அடைப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

அதன்பின் வாரக்கணக்கில் உனக்கும் எனக்கும் வித்தியாசமே வரவில்லை. சூப்பர்வைசர் நம்மைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே எண்ணைப் போடுவதென்றால் எதற்கு இரண்டு பேர் என்று மேலிடம் கேட்கிறதாம். “ஒருவரைப் பார்த்து ஒருவர் போடுகிறீர்களா?” என்று தெலுங்கில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நீதான் சிரித்தாய். “லேது சார், ரெண்டு பேரும் ஒரே மாதிரி யோசிக்க ஆரம்பிச்சுட்டோம்” என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகச் சொன்னாய். அவர் நம் விண்ணப்பங்களைப் புரட்டினார். தங்கப் பதக்கம் நாவலோடு மூன்றாவது மாடியிலேயே தங்கியது. பி.காம். இரண்டாவது மாடிக்கு, ஏதோ ஆஸ்பத்திரி பில்களைத் தட்டச்சு செய்யப் போனது.

மெழுகுவத்திக்காரர் மகளின் கதை அப்போது பாதியில் நின்றிருந்தது. மதியம் படியேறி வந்து கேட்பாய். “டாக்டர் திரும்பி வந்தானா? கல்யாணம் ஆச்சா?” கதை முடிந்து மாதமான பிறகும், “இன்னும் அந்த இடம் வரலட்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் இல்லாதது என்று என் கையில் இருந்தது அந்த முடிவு ஒன்றுதான். அதையும் கொடுக்க மனசு வரவில்லை.

தனியாக உட்கார்ந்ததும் என் சாயம் வெளுத்தது. பேராசிரியர் எடுத்துப் பார்த்த பக்கமெல்லாம் தப்பு. அன்று முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். நீ எதிரே வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தபடி, சாதாரணமாகக் கேட்டாய். “என் உச்சு இல்லாம கஷ்டமா இருக்கா?”

எனக்கு வாயில் சோறு அப்படியே நின்றது.

“ஹவ், ஆமா, தெரியும். நான் உச்சுக் கொட்டினப்புறம்தான் உன் கீபோர்டு சத்தம் வரும். ரெண்டு நாள் வேணும்னே மாத்திக் கொட்டினேன். நீயும் மாத்திப் போட்டே.”

“பின்ன ஏன் அவர்ட்ட சொல்லல?”

“கைக்கு சொல்லணும்? எதுக்கு? எனக்கு பில்லு தட்டினாலும் சோறு இறங்கும். உனக்கு அப்படி இல்லையே.” என்னைப் பார்த்தாய். பிறகு ஒரு ‘உச்’. ஒன்றே ஒன்று. “பாவம்பா நீ.”

நீ என்னைத் திட்டியிருக்கலாம். மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கலாம். உன் கணக்குப்படி அந்த வார்த்தையைச் சொல்கிறவள் வசதியாக உட்கார்ந்திருக்கிறவள். நான் பறித்துக்கொண்ட நாற்காலியில் நான் இருக்கிறேன், ஆஸ்பத்திரி பில் தட்டுகிற நீ என்னைப் பார்த்துச் சொல்கிறாய், அதுவும் மனசாரச் சொல்கிறாய். அன்றைக்கு உன் மேல் வந்த பொறாமைக்கு முன்னால் பழையதெல்லாம் ஒன்றுமே இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அடுத்த மாதம் கணவர் வேலை மாறியதைச் சாக்காக வைத்து நானும் நின்றுவிட்டேன்.

நீ நோயில் போன செய்தி கேட்டுக் குஷாய்குடா வந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள், “பாவம், சின்ன வயசு.” உன் அம்மா என் கையைப் பிடித்து, “நீதானேம்மா கோல்டு மெடல்? உன்னைப்பத்தி பேசாத நாளில்ல” என்றார். நானும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. துக்கத்தில் பேச்சடைத்துவிட்டது என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கேள், இப்போது சொல்லிவிடுகிறேன். டாக்டர் திரும்பி வந்தான். கட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அப்பாவின் கடையை எடுத்து நடத்துகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் கல்லாவில் உட்கார்ந்து யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, தெருவில் போகிற ஊர்ச் சனம் அவளை ‘புவர்’ என்கிறது. அன்று நான் அதற்கு இரண்டு போட்டேன். பேராசிரியர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

நேற்று கடைக்காரரிடம் வாங்கிய இரவல் பென்சிலோடு நடைபாதையில் அந்தக் கடைசிப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றா, இரண்டா, மூன்றா, இல்லை எதுவுமே இல்லையா, எனக்கு இன்றும் தெரியவில்லை. உனக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.