நீ ஊதியதை நான் கேட்டேன்

பொகவந்தலாவை,
1965, ஆடி மாதக் கடைசி வெள்ளி.

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அம்மா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் முருகன் துணையால் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன் கடிதம் இரண்டும் கிடைத்தன. இங்கே மழை விட்டபாடில்லை, போன கிழமை அடித்த காற்றில் நம் கோழிக்கூட்டுத் தகரம் பறந்து கீழ்மலையில் போய் விழுந்தது, கோழிகள் இப்போது சமையலறையில்தான் இருக்கின்றன. லயத்து வரிசை வீட்டுப் பேச்சியம்மா கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து கை முறிந்துபோனாள், கட்டுப் போட்டிருக்கிறார்கள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தம்பிக்கு இருமல் குறைந்துவிட்டது. அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை அதிகம், முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

வடிவு, உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன், நிதானமாகப் படி. ஆனி மாதம் அப்பாவும் நானும் பேராதனைக்கு, உன் பல்கலைக்கழகத்துக்கு வந்தோம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் அவர் மகனுக்கு உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது உனக்குத் தெரியும், அப்பா சரி என்று வார்த்தை கொடுத்துவிட்டார் என்பது தெரியாது. பெரியப்பாவுக்கு மோசமாக இருக்கிறது என்று சொல்லி உன்னை அழைத்து வந்து, ஆடி பிறக்குமுன் தாலி கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். ரயிலில் வரும்போது அப்பா என்னிடம், “நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் சரி என்றுதான் வந்தேன். என்னை உன் விடுதி வாசலில் உட்கார வைத்துவிட்டு, உன்னை அழைத்துப் போக அனுமதி கேட்க அப்பா ஆபீசுக்குப் போனார். நான் விடுதிக் காவல்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டேன், அவர் மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மண்டபத்தைக் காட்டி, பேண்டுக்குப் போயிருக்கிறாள், சத்தம் வருகிற பக்கமாகப் போங்கள் என்றார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். கையில் டிரம்பெட்டோடு நெட்டையாக ஒரு பையன் வெளியே வந்து, யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டான். எனக்கு என்னவோ உன் பெயர் வாயில் வரவில்லை, யாரையும் இல்லை தம்பி, மழைக்கு ஒதுங்கினேன் என்றேன். அதற்கு அவன், “அப்ப உள்ளுக்கு வாங்கம்மா, இங்க யாரும் சும்மா நிக்கிறதில்ல, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு” என்றான். உள்ளே மற்றவர்கள் ரிஸ்வி என்று கூப்பிட்ட பிறகுதான் நீ எழுதுவாயே அந்தப் பிள்ளை இவன்தான் என்று புரிந்தது. பின்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டான். பக்கத்தில் ஒரு சிங்களப் பிள்ளை பெரிய பித்தளைக் குழலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள், உடைந்த ஜன்னல் வழியாக வந்த காற்றில் அவள் முன்னால் இருந்த இசைத் தாள்கள் பறந்தபடி இருந்தன, அதைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. மாணவர்களே நடத்துகிறார்கள், தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், வாத்தியம் இல்லாதவர்களுக்கு வாத்தியமும் கொடுக்கிறார்கள் என்று நீ எழுதியபோது நான் நம்பவில்லை. அன்றைக்கு ஈரச் சேலையோடு நானே அதில் ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தேன், நீங்கள் யார், எந்தத் தோட்டம் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நீ முன்வரிசையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது, அத்தனை பேர் ஊதுவதில் உன் கிளாரினெட் எது என்று முதலில் பிரித்தறியவும் முடியவில்லை, கொஞ்ச நேரத்தில் அது பிடிபட்டது. மற்றச் சத்தங்களைத் தள்ளாமல் நடுவில் நுழைந்து வருகிறதே, அதுதான். உன் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஊதியது ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி வந்தது, எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், அவனுக்கு என்ன ஏச்சு விழப் போகிறதோ என்று தாள்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். நீ நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பயப்படாதே, முதல் மாதம் எனக்கும் இப்படித்தான் கத்தியது என்று சிங்களத்தில் சொன்னாய். சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை. விரலை எங்கே வைப்பது என்று அவனுக்குக் காட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து என்று கையைத் தூக்கினாய், ஆண்பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு உன் கையைப் பார்த்தார்கள். நான் பேசி முடிக்கும்வரை யாராவது காத்திருந்தார்களா என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன் வடிவு. கூப்பிட்டிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய், அப்பா சொல்வதை நம்பி அழுதுகொண்டே துணிமணியைக் கட்டியிருப்பாய். அந்தப் பாட்டு முடிந்ததும் நீ திரும்புவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் ரிஸ்வி, “அடுத்த கிழமையும் வாங்கம்மா, மழை இல்லாட்டியும் வாங்க” என்றான். ஆபீசில் இருந்தவர்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வாருங்கள் என்று சொன்ன கோபத்தில் அப்பா வந்தார். நான் அவரிடம், வடிவு வகுப்போடு கொழும்புக்குப் போயிருக்கிறாளாம், வர நாலைந்து நாளாகுமாம் என்று சொன்னேன். இவ்வளவு காலத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான், அதனால் அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

திரும்பும்போது ரயில் நாவலப்பிட்டி தாண்டியதும் அப்பா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முதலில் எனக்கு வைத்துவிட்டுச் சொன்னார். “எனக்கு மட்டும் அவ படிப்ப நிறுத்த ஆசையா? வயசாச்சுன்னு இன்னும் கொஞ்ச நாள்ல அனுப்பிடுவாங்க, அன்னைக்கே குவாட்டர்ஸ விடணும். நமக்குப் பிரஜாவுரிமை இல்ல, இந்தியாவுக்கு அனுப்புற ஒப்பந்தமும் வந்தாச்சு, கப்பல் ஏத்துனா எந்த ஊருன்னு போய் எறங்குறது? கிளாக்கர் வீட்டுக்குப் பிரஜாவுரிமை இருக்கு. புள்ளையாவது இங்க நிலைக்கட்டும்.” அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அவர் மேல் கோபப்படாதே. அவர் அகப்பட்டுக்கொண்ட இடத்தில்தான் நானும் இருக்கிறேன். இந்த மலையில் ஒரு கதவைத் திறந்தால் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது, அதுவும் தோட்டத்துக் கதவுதான். வெளியே நிற்பது நீ ஒருத்தி, உன்னையும் உள்ளே இழுத்தால்தான் உனக்கு ஒரு நிலை கிடைக்கும் என்று அவர் நினைக்கிறார். அந்தப் பையன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று அவர்கள் வீட்டில் இப்போதே சொல்லியாயிற்று. பையனின் அம்மா நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, “கொழலெல்லாம் எங்க வீட்டுல ஊத முடியாது, பொண்ணு வாய மூடிக்கிட்டு இருந்தா போதும்” என்று சிரித்தபடி சொன்னார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

ஆனியில் நடக்காமல் போனதால், ஆவணி பிறந்ததும் பரிசம் போட நாள் குறித்துவிட்டார்கள். நேற்று அப்பா பஜாரில் துணிக்கடை ஜமால்தீன் நானாவிடம், திங்கட்கிழமை உனக்குத் தந்தி கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நானாவின் மனைவி சாரா உம்மா துணி காட்டுகிற சாக்கில் என்னைக் கடைக்குள் அழைத்து அதைச் சொன்னார். அம்மாவுக்குச் சுகவீனம் கடுமை, உடனே புறப்படு என்று தந்தி வரும். நான் படுக்கையில் இல்லை, இன்று காலையும் தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்தேன். நீ வராதே. விடுமுறையில் பேண்ட் ஒத்திகைக்காக நிற்கிறவர்களுக்கு விடுதியில் இடம் உண்டு என்று எழுதியிருந்தாய், உன் பெயரை உடனே கொடு. அங்கே இடமில்லை என்றால் கண்டியில் சாரா உம்மாவின் தங்கை ரஸீனா இருக்கிறார், அவர் வீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நீ வராவிட்டால் இங்கே என்ன நடக்கும் என்று யோசிப்பாய். அப்பா சத்தம் போடுவார், அப்புறம் பேச்சை நிறுத்திவிடுவார், பெரிய கிளாக்கர் ஸ்டோர் வேலையில் அவருக்குக் குடைச்சல் கொடுப்பார். அது எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தந்திக்கு நீ வரவில்லை என்றால் அடுத்த தந்தி வரும். எப்போதாவது எனக்கு உண்மையிலேயே முடியாமல் போனால் அப்போதும் அதே வார்த்தைகள்தான் வரும், எது பொய், எது மெய் என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. நானும் இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். மெய்யான தந்திக்கும் சேர்த்தே சொல்கிறேன் வடிவு, பட்டம் வாங்கும்வரை எதற்கும் வராதே.

நீண்ட ஆயுளும் நிறைந்த படிப்பும் உனக்குக் கிடைக்க வேண்டும், எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. எனக்குப் பதில் எழுதினால் சாரா உம்மா கடை விலாசத்துக்கு எழுது, வீட்டு விலாசத்துக்கு வழக்கம்போல் சுகம் மட்டும் எழுது.

உன் அம்மா,
சி. அழகம்மா